தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் (CPAP) கருவிக்கு உங்கள் காற்றழுத்தம் எப்படி முடிவானது?

ஈரோட்டு உறுப்பினர்:
என் கணவருக்கு அந்த அழுத்தம் பார்க்கத் தூக்க ஆய்வகத்தில் இரவு தங்கினோம். வழக்கம்போல 4-இல் (அலகு: செ.மீ. நீர் அழுத்தம்) தொடங்கி ஒவ்வொரு எண்ணாக ஏற்றினார்கள். 9-ஐ எட்டியதும் குறட்டை அடங்கியது. ஒருக்களித்து நிம்மதியாகத் தூங்கினார். அதுவே போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் டெக்னீஷியன் அவரை மெல்ல எழுப்பி மல்லாந்து படுக்கச் சொன்னார். பின்னிரவில் கனவுத் தூக்கம் வந்தபோது, அதே 9-இல், நெஞ்சு ஏறி இறங்கித் தவித்தும் காற்று உள்ளே போகவில்லை. திரையில் ரத்த ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குச் சரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் காட்சி இன்னும் என்னை உலுக்குகிறது. 12-க்கு ஏற்றிய பிறகே மூச்சு சீரானது. மல்லாந்த நிலையையும் கனவுத் தூக்கத்தையும் பார்க்காமல் எண் எழுதித் தருபவர்களை நம்பாதீர்கள்.

மதுரை உறுப்பினர்:
சகோதரி சொல்வதை முழுவதும் ஏற்க இயலவில்லை. புது இடத்தில், உடம்பெல்லாம் ஒயர்களோடு தூங்கிய ஓர் இரவின் எண், மூக்கடைப்பு உள்ள நாளுக்கும் எடை கூடிய பிறகும் எப்படிப் பொருந்தும்? நான் வீட்டிலேயே, மூச்சுக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கிக் கருவியில் பழகியவன். 4 முதல் 20 வரை என்று திறந்து விட்டிருந்தார்கள். அந்த 4-இல் காற்றே போதாமல், நள்ளிரவில் மாஸ்க்கைப் பிய்த்தெறிந்து ஜன்னலருகே ஓடி நின்றேன். மருத்துவர் குறைந்தபட்சத்தை 7 ஆக்கிய பிறகுதான் தூக்கம் வந்தது.

தஞ்சாவூர் உறுப்பினர்:
மதுரை நண்பரே, தானியங்கிக் கருவி எல்லோருக்கும் உரியதன்று. என் தந்தைக்கு இதயம் பலவீனம். அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுக்கு ஆணையிடாத இடைவெளிகள் கூடின. இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு ஆய்வகமே பாதுகாப்பு. இன்னொன்றையும் கேளுங்கள்: எண்ணைக் குறை சொல்வதற்கு முன் மாஸ்க்கில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வாய் திறந்து தூங்கினாலும் தாடி இருந்தாலும் காற்று வெளியேறும். தானியங்கிக் கருவியின் கணிப்பும் அதனால் தவறக்கூடும். வயிறு உப்பிக் காலையில் ஏப்பமாக வந்தால், காற்றை விழுங்குகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவியின் பதிவை எடுத்துச் செல்லுங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண் 5-க்குக் கீழே இருக்கிறதா, கசிவு எவ்வளவு, பெரும்பாலான நேரம் எந்த அழுத்தத்தில் ஓடியது என்ற மூன்றையும் அவரோடு உட்கார்ந்து பார்த்த பிறகே மாற்றச் சொல்லுங்கள்.