ஜெய்சால்மர்: 20 செ.மீ. மழையில் ஒரு ஊர் 850 வருஷம் எப்படி நின்றது?

வளவுவாசல்:
காரைக்குடி வாசகசாலையில் பாலைவன எல்லை நகராட்சிகளைப் பற்றிப் பேச்சு வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்ட ஊர் ராஜஸ்தானின் ஜெய்சால்மர். ராவல் ஜைசல் 1156-இல் பழைய தலைநகர் லோதுர்வாவை விட்டு வந்து கட்டியது, பாகிஸ்தானை ஒட்டிய மாவட்டத்தின் தலைநகர், 2011 கணக்கெடுப்பில் 65,471 பேர். இதுவரை சரி. புரியாதது தண்ணீர்தான். நம் பக்கம் 90 செ.மீ. அளவுக்குப் பெய்தும் சித்திரையில் ஊரணி வெடித்துக் கிடக்கிறது. அங்கே சுமார் 20 செ.மீ.தான். இந்திரா காந்தி கால்வாய் வருமுன் எதைக் குடித்தார்கள், எதில் விதைத்தார்கள்? அந்த முறை நமக்கு ஆகுமா?

ஊரணிக்கரை:
குடிக்க, 14-ஆம் நூற்றாண்டிலிருந்து கடிசர் ஏரி. விதைக்க, "கடீன்". பாலிவால் பிராமணர்கள் வளர்த்தெடுத்த முறை. நம் கண்மாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம், தண்ணீர் நிற்கும், வெளியே வயல். கடீனில் உள்வாயே வயல்.

ஜெய்சால்மரைச் சுற்றி மணல் மேடு மட்டும் இல்லை, மொட்டைப் பாறைச் சரிவுகளும் நிறைய. பாறையில் விழுந்த மழை உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடிவரும். சரிவின் அடியில், தாழ்ந்த பக்கத்தில் 100 முதல் 300 மீட்டர் நீளத்துக்கு மண்கரை போடுவார்கள். ஒரு ஏக்கர் வயலுக்குச் சுமார் 15 ஏக்கர் பாறைச் சரிவு வேண்டும், கணக்கே அதில்தான் இருக்கிறது. மிகைநீர் வழியக் கரைக்கு ஒரு கலுங்கு, நின்ற நீரைத் திறந்துவிட அடியில் ஒரு மடை. ஆடி, ஆவணி மழைத் தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் இருக்கும்போதே கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பார்கள். அதன்பின் பாசனமே கிடையாது.

கெடுவது இரண்டு இடத்தில். கலுங்கு சிறுத்தால் ஒரே மழையில் தண்ணீர் கரைமேல் ஏறி உடைத்துவிடும். கலுங்கு மட்டத்தைவிடக் கரை அரை மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அடுத்து, விதைப்புக் காலத்திலும் தண்ணீர் நின்றால் மடையைத் திறந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பருவம் தப்பும், தேங்கியது ஆவியாகி உப்புப் பூக்கும். கரைக்கு வெளியே கிணறு வெட்டினால் கசிவுநீர் குடிக்கக் கிடைக்கும்.

செம்பூராங்கல்:
மேலே சொன்னதோடு பூமிக்கு அடியில் இருப்பதையும் பேச்சில் சேருங்கள். தார்ப் பாலையில் பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படுகை ஓடுகிறது. மழைநீர் அதற்குக் கீழே போகாமல் மணலிலேயே ஈரமாகத் தங்கும். அந்த இடம் பார்த்துக் குறுகலான கிணறு, "குயீ", இறக்குவார்கள். சுவரிலிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறி அடியில் சேரும். வாய் குறுகல் என்பதால் ஆவியாவது குறைவு.

அதே படுகைதான் வினையும். 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மர் மாவட்டத்தில் கொட்டிய மழை, கவாஸ் கிராமத்தில் மாதக்கணக்கில் வடியவில்லை. 1958-இல் தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் (பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து 649 கி.மீ.) பாயும் நிலங்களிலும் இதே கதை. அதிகம் பாய்ச்சிய தண்ணீர் இறங்க வழியின்றி மேலேறி, வயல் சதுப்பாகும். அங்கே அதற்கு "சேம்" என்று பெயர்.

கோட்டைக்கும் ஆபத்து வறட்சியால் இல்லை. 2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அந்தக் கோட்டைக்குள் இன்னும் குடியிருக்கிறார்கள். தண்ணீர் சுமந்து வந்த காலத்தில் புழக்கம் கொஞ்சம், பழைய கல் வடிகால் போதும். குழாய் வந்ததும் தண்ணீர்ப் புழக்கம் பல மடங்கு. கசிந்த நீர் குன்றின் களிமண் அடுக்கில் ஏறி அதை இளக்குகிறது. கொத்தளங்கள் சரிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

மேலவீதி:
வரலாற்றில் ஒன்று விடாதீர்கள். ஊரை வளர்த்தது சிந்து பக்கம் போன ஒட்டக வணிகம். பம்பாய்த் துறைமுகம் எழுந்ததும் அது மெலிந்தது, 1947-இல் எல்லை விழுந்ததும் வழியே அடைந்தது. அங்கே பட்வா வணிகக் குடும்பம் கட்டிய ஹவேலிகளை (மாளிகைகளை) பார்ப்பவருக்கு, 1942-க்குப் பின் பர்மா வருமானம் நின்ற நம் வீடுகள் நினைவுக்கு வரும்.

வளவுவாசல்:
நன்றி அண்ணே, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சரி, இங்கே கடீன் போடலாமா?

ஊரணிக்கரை:
வேண்டாம். நம் செம்பூராங்கல் பூமி தண்ணீரைக் குடிக்கும், பாறைபோல ஓடவிடாது. 15 ஏக்கர் தரிசுச் சரிவும் கிடைக்காது. உங்கள் ஊரணியையே பாருங்கள். முதலில் வரத்துக்கால், வீடு கட்டி அடைத்திருப்பார்கள். பிறகு ஊரணிக்குள் அளவுக் கம்பு ஒன்று நட்டு, யாரும் தண்ணீர் எடுக்காத நாளில் மட்டம் பாருங்கள். கோடை வெயிலில் ஆவியாவது நாளுக்கு 1 செ.மீ.க்குள் அடங்கும். 2, 3 செ.மீ. இறங்கினால் அடி ஒழுகுகிறது. பெரும்பாலும் தூர்வாருகிறேன் என்று இயந்திரத்தால் அடிக் களியையும் வழித்திருப்பார்கள். கண்மாய்க் களியைக் கொண்டுவந்து, 15 செ.மீ. அடுக்காக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் நனைத்து மிதித்து இறுக்குங்கள். வைகாசிக்குள் முடிக்க வேண்டும், ஆனால் காய்ந்து வெடிக்க விடக்கூடாது. மழை வரும்வரை ஈரச் சாக்கோ வைக்கோலோ மேலே கிடக்கட்டும்.