சுஜாதா புத்தகங்கள்: எதை, எந்த வரிசையில், எந்தப் பதிப்பில்? வாசகர்களின் அனுபவப் பகிர்வு

பழைய பைண்டிங்:
சுஜாதாவைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் தண்டச் செலவு, ஒரே கதையை இரண்டு தடவை வாங்குவது. அவருடைய சிறுகதைகளும் குறுநாவல்களும் ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கையில் இருக்கும்போதே ‘ஸ்ரீரங்கத்துக் கதைகள்’ வாங்கினால் பாதி பழைய முகங்களாகவே வந்து நிற்கும். விஞ்ஞானக் கதைகள் என்று தனியாகத் தொகுத்தவை வேறு தலைப்பிலும் கிடக்கும். அட்டையை மறந்துவிட்டுப் பொருளடக்கத்தைப் பாருங்கள். கைவசம் உள்ளதற்குப் பட்டியல் போடுகிறவர்கள் புத்தகப் பெயரை எழுதிப் பயனில்லை, கதைப் பெயர்களை அகர வரிசையில் எழுத வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது பொருளடக்கப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் விட்டுவிடலாம். பெரும்பாலான தலைப்புகள் மறுபதிப்பாக வந்துவிடும்.

அடுத்த குழி, ‘முதற்பதிப்பு’ என்று போட்டிருக்கும் ஆண்டு. அது அந்தப் பதிப்பகம் முதலில் அச்சிட்ட ஆண்டு. கதை எழுதப்பட்ட ஆண்டு அல்ல. ‘நைலான் கயிறு’ 1968-ல் குமுதத்தில் தொடராக வந்தது. இன்று கிடைக்கும் பிரதியைத் திருப்பினால் 2000-க்குப் பிறகான ஆண்டு கண்ணில் படலாம். அதை நம்பிப் படிக்கிற புது வாசகருக்கு, ட்ரங்க் கால் புக் பண்ணிக் காத்திருப்பதும் தந்தி கொடுப்பதும் ‘என்ன இவ்வளவு பழசாக எழுதுகிறார்’ என்று தோன்றும். ஆசிரியர் முன்னுரை இருந்தால் தாண்டாதீர்கள், எந்தப் பத்திரிகையில் வந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தம்புச்செட்டித் தெரு வக்கீல்:
வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளுக்கு வரிசை உண்டா என்று கேட்பவர்களுக்கு: கறாரான வரிசை இல்லை. ஆனால் ‘நைலான் கயிறு’, ‘அனிதா இளம் மனைவி’ போன்ற ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனி ஆள். வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறான். வசந்தின் நையாண்டியை எதிர்பார்த்து ‘நைலான் கயி’ற்றில் நுழைந்தால் ஏமாற்றம்தான். ‘கொலையுதிர் கால’த்தில் தொடங்கலாம். இருவரும் முழு உருவத்தில் இருக்கிறார்கள். அறிவியலா அமானுஷ்யமா என்ற வாக்குவாதத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். அதோடு, ஒரு தொழில்நுட்பத்தைக் கதைக்குள் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல பாடம். (எந்தத் தொழில்நுட்பம் என்று சொன்னால் இனிமேல் படிக்கப் போகிறவர்கள் அடிக்க வருவார்கள்.)

வரிசை கட்டாயமாகத் தேவைப்படுவது ஜீனோ என்ற இயந்திர நாயின் கதைக்கு. ‘என் இனிய இயந்திரா’வை முடிக்காமல் ‘மீண்டும் ஜீனோ’வைத் தொடாதீர்கள். அரசாங்கம் பெயரைக்கூட இரண்டெழுத்தாக வெட்டிவிட்ட ஜீவாவின் ஆட்சியும், இயந்திர நாய்க்கு எப்படிச் சொந்த புத்தி வருகிறது என்பதும் முதல் நூலில்தான் படிப்படியாகக் கட்டப்படுகின்றன. ‘பிரிவோம் சந்திப்போம்’ வாங்கும்போதும் இரண்டு பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பாகம் பாபநாசம், இரண்டாவது அமெரிக்கா.

நூலகவாசி:
கட்டுரைப் பக்கம் யாரும் வரவில்லையே! ‘தலைமைச் செயலகம்’ என்ற பெயரைப் பார்த்து அரசியல் அலமாரியில் தேடாதீர்கள், அது மூளையைப் பற்றிய நூல். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ மைக்ரோ சிப் எப்படி உருவாகிறது என்பது. அவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத் தயாரிப்பில் பங்கெடுத்தவர். சர்க்யூட் பற்றி எழுதும்போது கை நடுங்காது.

இந்த நூல்களில் வேகமாகப் பழசாவது எண்கள்தான். விளக்கம் அப்படிப் பழசாவதில்லை. ட்ரான்சிஸ்டர் ஏன் சுவிட்ச் போல வேலை செய்கிறது என்பது இன்றைக்கும் அதேதான். ஒரு சில்லில் எத்தனை அடக்கலாம், நினைவகம் எவ்வளவு, விலை என்ன என்பவற்றை அந்தக் காலக் கணக்காக எடுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். இவர் நூல் என்றில்லை, அந்தத் தலைமுறை அறிவியல் நூல் எதற்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும். 2006-க்கு முந்தையது என்றால் புளூட்டோ கிரகமாகத்தான் இருக்கும். 1990-களில் மனித மரபணுக்கள் ஒரு லட்சம் இருக்கலாம் என்றே பரவலாக மதிப்பிட்டார்கள். ஜீனோம் திட்டம் 2003-ல் முடிந்தபின் அது இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. மாணவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், பென்சிலால் எண்களைச் சுழித்து ஓரத்தில் இன்றைய மதிப்பை எழுதிக் கொடுங்கள். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ ஜூனியர் விகடன் கேள்வி-பதில். அதை வரிசையாகப் படித்தால் முப்பதாவது பக்கத்தில் திகட்டும். நாளுக்கு நாலைந்து கேள்வி போதும்.

குறுந்தொகைப் பித்து:
நூலகவாசி சார் சொன்ன பென்சில் யோசனை, சுஜாதா குறுந்தொகையை எளிமையாக எழுதிய ‘401 காதல் கவிதைக’ளுக்கும் வேண்டும். சங்கப் பாடலைப் பண்டித உரை இல்லாமல் இன்றைய கவிதை வரிகளில் தருவதுதான் இந்நூலின் நோக்கம். முதல் வாசிப்புக்கு இதைவிட எளிதானது இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். குறுந்தொகை பெரும்பாலும் நாலிலிருந்து எட்டடிக்குள் முடியும் பாட்டு. அதில் ஓர் அடைமொழி நழுவினாலும் பாட்டு சாய்ந்துவிடும்.

25-ஆம் பாட்டை எடுங்கள். கபிலர் பாடியது. அவன் மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகுக்குத் தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால். ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் கண் பதித்து நிற்கிறது. அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சிக்கு இவர்கள் மேல் கவனமே இல்லை! ஆரல் மீனை விட்டுவிட்டு ‘ஒரு பறவை இருந்தது’ என்று மட்டும் நினைவில் வைத்தால் பாட்டின் வலி போய்விடும். எனவே எந்த எளிய வடிவத்தைப் படித்தாலும் மூன்றைச் சரிபாருங்கள்: யார் கூற்று, யாரிடம் சொல்வது, கருப்பொருளின் (பாட்டில் வரும் பறவை, மீன், மரம் போன்றவற்றின்) அடைமொழி. உ.வே.சா. உரை பக்கத்தில் இருந்தால் ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். அவருடைய புறநானூறு அறிமுக நூலுக்கும் இதே முறைதான். அங்கே 267, 268 இல்லையே என்று புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த இரண்டும் சுவடிகளிலேயே கிடைக்கவில்லை.

மேடைப்பக்கம்:
நாடகங்களை விட்டுவிட்டீர்களே. ‘கடவுள் வந்திருந்தார்’, ‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’ இரண்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டியவை. மனதுக்குள் படித்தால் முதலாவதில் எதிர்காலத்திலிருந்து வரும் ஜோ எந்த வசனத்துக்கு அறையில் இருக்கிறான், யாருக்குத் தெரிகிறான் என்பது குழம்பும். இரண்டு பேர் பிரித்துப் படித்தால் உடனே பிடிபடும்.

தம்புச்செட்டித் தெரு வக்கீல்:
சரித்திரக் கதை பற்றி ஒரு வார்த்தை. ‘ரத்தம் ஒரே நிறம்’ 1857 சிப்பாய்க் கலகப் பின்னணி. முதலில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற பெயரில் குமுதத்தில் தொடங்கி, எதிர்ப்பு வந்து நிறுத்தப்பட்டு, பிறகு இந்தப் பெயரில் எழுதப்பட்டது. பழைய இதழ்களில் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ ராஜராஜன் காலம். வசந்தகுமாரனோடு கணேச பட்டர் வருகிறார், மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இந்த நாவல் முடிவில் அவசரப்படுகிறது என்பது என் கருத்து. தொடர்கதைக்கே உரிய நோய் அது: வாரா வாரம் கொக்கி போட்டுக்கொண்டே போனால் கடைசியில் எல்லாக் கொக்கியையும் கழற்ற இடம் போதாது. மூன்று நான்கு அத்தியாயத்துக்கு ஒரு முறை மூடி வைத்துவிட்டுப் படித்தால் இந்தக் குறை அவ்வளவாக உறுத்தாது.

கடைசிப்பக்கம்:
கதை, கட்டுரை என்று இரண்டாகப் பிரித்தே பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே பட்டறையில் தயாரானவை என்று பார்க்க விரும்புகிறவர்கள் ‘கணையாழி கடைசிப் பக்கங்கள்’ தொகுப்பை எடுக்க வேண்டும். 1965-ல் டெல்லியில் கணையாழி சிற்றிதழ் தொடங்கிய காலத்திலிருந்து 1998 வரை எழுதியவை. ஆரம்பத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயர். விகடனில் வந்த ‘கற்றதும் பெற்றதும்’ லட்சக்கணக்கானவர்களுக்கு எழுதியது; இது சிற்றிதழ் வாசகனுக்கு. அதனால் இங்கே நாக்கு கொஞ்சம் கூர்மை.

ஒரு பத்தாண்டுப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதே காலத்துச் சிறுகதைகளோடு சேர்த்துப் படியுங்கள். ‘நகரம்’ கதையில் மதுரைச் சுவர் விளம்பரங்களை வரிசையாக அடுக்கித் தொடங்குகிறாரே, அந்தக் கண் பத்திகளிலும் வேலை செய்வது தெரியும். பெரிய டாக்டர் பாப்பாத்தியின் நோயை மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறார், பக்கத்தில் அவள் அம்மா வள்ளியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நோய், மெனிஞ்சைட்டிஸ் என்றால் என்ன என்று ஒரு பத்தி எழுத அவருக்குச் சிரமமே இல்லை. கட்டுரையாக இருந்தால் எழுதியிருப்பார், கதையில் எழுதவில்லை. ‘கடைசிப் பக்கங்கள்’ தொகுப்பு தடிமனான புத்தகம், முதுகு ஒட்டு சீக்கிரம் விட்டுப்போகும். வாங்குவதாக இருந்தால் கெட்டி அட்டைப் பதிப்பு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.