அறைக்குள் சிற்றலை ஏரியல்: வயர் கூடக்கூட இரைச்சலும் கூடுகிறது

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மேல்மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே கொங்கிரீட் தட்டு. வெளியே வயர் ஒன்றும் தெரியக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா வந்த அன்றே சொல்லிவிட்டார். அதனால் பத்து மீற்றர் வயரை அறைச்சுவரின் மேலோரமாகச் சுற்றி ஒட்டி, நுனியை முதலைக் கிளிப்பால் றேடியோவின் இழுவைக் கம்பியில் கொளுவினேன். 31 மீற்றர் சிற்றலை வரிசையில் முன்பு மெல்லியதாகவாவது கேட்ட நிலையங்கள் இப்போது 'ர்ர்ர்' என்ற இரைச்சலுக்குள் போய்விட்டன. இன்னும் வயர் வாங்கவா?

மறுமொழி 1:
வாங்க வேண்டாம் தம்பி. றேடியோவைப் பற்றரியில் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை ஒருக்கால் நிப்பாட்டிப் பாரும்.

கேட்டவர்:
நிப்பாட்டினேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது! பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், போன் சார்ஜரும் கட்டில் பக்கத்து எல்இடி பல்பும்தான் கள்ளர். மிச்சம் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 2:
அயலில் சோலார் இருக்கிறதா? பொழுதுபட்ட பிறகு குறைந்தால் அந்த இன்வேர்ட்டர்தான். 90களில் கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை ஒருவர் மாறி ஒருவர் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். ஏரியல் வெறும் இழுவைக் கம்பி. ஊரே இருட்டு, இரைச்சல் போட ஒரு பல்பும் இல்லை. 2017 ஏப்ரலோடு அந்த ஒலிபரப்பும் நின்றுவிட்டது, அது வேறு கதை.

மறுமொழி 3:
சுவருக்குள் ஓடும் கறண்ட் வயருக்குப் பக்கத்திலேயே உங்கள் வயரும் ஓடுகிறது. இரைச்சலை நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. கொங்கிரீட் தட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள் அலையையும் மறிக்கும். வெளியேதான் போக வேண்டும். உடுப்புக் கொடி இருக்கிறதா? நைலோன் கயிறென்றால், பழைய டிரான்ஸ்போமரில் கழற்றிய மெல்லிய எனாமல் செப்புக் கம்பியை அதில் சுற்றிவிடுங்கள். பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. 31 மீற்றர் வரிசையில் வரும் 9.6 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 7.8 மீற்றர், அவ்வளவு போதும். அதிகம் நீட்டினால் சின்ன றேடியோ திணறி, ஒரு நிலையம் இன்னொன்றின் மேல் ஏறும். கிளிப் கொளுவும் நுனியில் எனாமலைச் சுரண்ட மறக்க வேண்டாம், அதில்தான் பலர் கோட்டை விடுவது. அப்புறம், ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு இருட்டும்போதே கிளிப்பைக் கழற்றி, கம்பி நுனியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
கட்டியாயிற்று. சுவர் வயரைக் கழற்றிவிட்டேன். சார்ஜரையும் பல்பையும் நிப்பாட்டிவிட்டு நேற்றிரவு 31 மீற்றரைத் தடவினால் நாலைந்து நிலையம் தெளிவாக வருகிறது, ஒன்றில் அரபுப் பாட்டு. காலையில் வீட்டுக்கார அம்மா அதே கொடியில் ஈரச்சேலை காயப்போட்டார். கம்பி அவர் கண்ணில் படவேயில்லை.