குறைமாதப் பிள்ளையின் நிறை: புள்ளியை எந்த இடத்தில் வைப்பது?

உவர்மலை டீச்சர்:
வணக்கம். என் தங்கையின் மகள் 31 கிழமையில் 1.4 கிலோ நிறையுடன் பிறந்தாள். இப்போது பிறந்து 17 கிழமை, நிறை 4.4 கிலோ. கிளினிக்கில் நிறுத்த நிறைகளை எல்லாம் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். கணிதம் படிப்பிப்பவளின் கை சும்மா இருக்குமா? உலக சுகாதார நிறுவனத்தின் வளைகோடுகளோடு சேர்த்து வரைந்தால் புள்ளி அடியில் கிடக்கிறது. அதைப் பார்த்த அம்மா கோணேசருக்கு நேர்த்தி வைத்துவிட்டார். டொக்டரோ, பிள்ளை நன்றாக வளர்கிறாள் என்கிறார். படத்தை எப்படி வரைந்தால் டொக்டர் பார்ப்பது எனக்கும் தெரியும்?

நிலாவெளித் தரவுக்காரன்:
டீச்சர், நேர்த்தியை விடவேண்டாம், கிடை அச்சை மாற்றுங்கள். 40 கிழமையில் பிறக்க வேண்டியவள் 9 கிழமை முந்திவிட்டாள். எனவே 17இல் 9 போக, அவளுடைய திருத்திய வயது 8 கிழமை. 17இல் வைத்தால் 4.4 கிலோ ஏறக்குறைய –3 கோட்டில், அதாவது நடுக்கோட்டிலிருந்து 3 நியம விலகல் (குழந்தைகளின் நிறை பரவும் அளவு) கீழே விழும். 8இல் வைத்தால் –1 கோட்டின் அருகே ஏறிவிடும். பிள்ளை அதே பிள்ளை, தராசும் அதே தராசு.

முதல் கிழமைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 2006ஆம் ஆண்டு வளைகோடுகளே வேண்டாம். குறைமாதப் பிள்ளைகளுக்கென்று 2013இல் வந்த ஃபென்டன் வரைபடம், கர்ப்பக் கணக்கில் 22ஆம் கிழமையிலிருந்து 50ஆம் கிழமை வரை, அதாவது பிறக்க வேண்டிய நாளுக்குப் பின் 10 கிழமை வரை போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. ஆனால் அதன் தொடக்கப் பகுதி அந்தந்தக் கிழமையில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு நிறையை வைத்து வரையப்பட்டது. பிறந்த பின் முதல் நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு நிறை கொஞ்சம் இறங்குமே, அந்த இறக்கம் அதில் இராது. அதனால் உங்கள் கோடு வளைகோட்டிலிருந்து சறுக்குவது போலத் தெரியும். 2015இல் வந்த இன்டர்குரோத் வரைபடம் வேறு மாதிரி: 201 குறைமாதக் குழந்தைகளைப் பிறந்த பின்னும் தொடர்ந்து அளந்து செய்தது. தொகை சிறியது என்ற குறை அதற்கு உண்டு. நான் இரண்டையும் மேலடுக்கிப் பார்ப்பேன்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். கிலோவை விட்டுவிட்டு, நடுக்கோட்டிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறாள் என்பதை நிலைக்குத்து அச்சில் போடுங்கள். கோடு கிடையாக ஓடினால் தன் பாதையிலேயே போகிறாள். மேலேறினால் எட்டிப் பிடிக்கிறாள். தொடர்ந்து சரிந்தால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள். எக்செல் புள்ளிகளை வழுவழுப்பாக இணைத்துத் தரும். அதை நிறுத்திவிடுங்கள், இல்லாத வளைவையெல்லாம் காட்டும்.

கிண்ணியா தாதி:
தம்பி சொன்னது சரி டீச்சர். ஆனால் எக்செல்லுக்கு முதலில் தராசைப் பாருங்கள். ஒரு நாள் நனைந்த நப்பியுடன், மறுநாள் வெறும் உடம்புடன் நிறுத்தால் கோடு ஆடத்தான் செய்யும். தலைச்சுற்றளவையும் ஏற்றுங்கள், நிறையை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டோம்.

உவர்மலை டீச்சர்:
நன்றி இருவருக்கும். புதிய படத்தைப் பார்த்த அம்மா, 9 கிழமையை நான் களவாடிவிட்டேன் என்கிறார்! இந்தக் கழித்தல் எதுவரை? தடுப்பூசிக்கும் உண்டா?

கிண்ணியா தாதி:
வளர்ச்சிக்குப் பொதுவாக 2 வயது வரை கழிப்போம். குப்புறப் புரள்வது, உட்காருவது எல்லாவற்றையும் திருத்திய வயதில்தான் எதிர்பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குக் கழித்தல் இல்லை, பிறந்த திகதிதான் கணக்கு. 2 மாத ஊசி போட்டாயிற்றா?