சாராவா, மேரியா? குணக்கேடுள்ள கதாநாயகியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

நூலகப்பூனை:
எங்கள் ஊர் நூலகத்தில் பத்து முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு வார இறுதியில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். அடுத்து ‘தி சீக்ரெட் கார்டன்’ நாவலை எடுக்கலாம் என்றதும் பெற்றோர் சிலர் மறுத்துவிட்டார்கள். ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911இல் புத்தகமாக வந்த கதை. இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரியின் மகளாகப் பிறந்த மேரி லெனாக்ஸ் காலராவில் பெற்றோரைப் பறிகொடுத்து, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் மாமாவின் மாளிகைக்குப் போய்ச் சேர்கிறாள். பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் தோட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள். சாகப்போகிறோம் என்று நம்பிப் படுத்தே கிடக்கும் அத்தை மகன் கோலின் எழுந்து நடக்கக் காரணமாகிறாள்.

மறுப்புக்குக் காரணம் மேரியின் குணம். சிடுசிடுப்பு, அதிகாரம், யார் மீதும் ஒட்டாத மனம். அதே ஆசிரியர் 1905இல் எழுதிய ‘எ லிட்டில் பிரின்சஸ்’ கதையில் வரும் சாரா க்ரூவைக் கொடுங்கள், அவளிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்கிறார்கள். நான் மேரியின் பக்கம். நல்ல பெண்ணாக இருந்தால்தான் கதையில் இடம் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். உங்கள் கருத்து வேண்டும்.

பழைய வாத்தியார்:
அந்தப் பெற்றோர் சொன்னதில் என்ன பிழை? சாராவும் இந்தியாவிலிருந்து போன பெண்தான். தாய் இல்லை, பிறகு தந்தையும் இறந்துவிடுகிறார். செல்வச் செழிப்பில் இருந்தவளை அவள் படித்த விடுதிப் பள்ளியிலேயே வேலைக்காரியாக்கி, மாடியறையில் எலிகளோடு படுக்கவைக்கிறார்கள். ஒரு நாள் பசியில் கால் தள்ளாடும்போது தெருவில் நாலு பென்னி நாணயம் கிடைக்கிறது. ரொட்டிக் கடையில் அவளுக்குக் கிடைப்பவை ஆறு பன்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரச் சிறுமிக்கு ஒவ்வொன்றாக ஐந்தைக் கொடுத்துவிட்டு ஒன்றோடு நடக்கிறாள். இது வலிமை இல்லை என்றால் வேறு எது வலிமை?

இப்போது எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பெண் பாத்திரம் உயிரோடு இருக்க வேண்டுமானால் அவள் வாய்த்துடுக்கு உள்ளவளாகவோ பொய் சொல்பவளாகவோ இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். பொறுமையும் கொடையும் உள்ள பெண் என்றால் அட்டைப் பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் நின்றவன் நான். நல்ல குணம் எளிதில் வருவதில்லை, ஐயா. அதைக் காட்டும் கதை வேண்டும்.

நூலகப்பூனை:
ஐயா, சாராவைக் குறையே இல்லாதவள் என்று வைத்துக்கொள்வதுதான் அவளுக்குச் செய்யும் அநியாயம். அவளிடம் எமிலி என்று ஒரு பொம்மை இருக்கிறது. நாளெல்லாம் குளிரில் அலைக்கழித்துத் திட்டி அனுப்பிய ஓர் இரவில், தன்னையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எமிலியை நாற்காலியிலிருந்து அடித்துத் தள்ளுகிறாள். நீ வெறும் பொம்மை, உனக்குள் இருப்பது மரத்தூள், உனக்கு இதயமே கிடையாது என்று கதறுகிறாள். அந்த ஒரு பக்கத்தில்தான் எனக்குச் சாராவைப் பிடித்துப்போனது. அவள் ஐந்து பன்களைக் கொடுத்தது பெரிய செயல் என்று நான் நம்புவதும் அந்தப் பக்கத்தால்தான்.

இளவேனில்:
நான் இருவர் சொல்வதையும் ஏற்கவில்லை. குறை இருக்கலாமா கூடாதா என்பதை விட்டுவிடுங்கள். அந்தக் குறையைக் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

1876இல் வந்த டாம் சாயரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனையாகக் கொடுத்த வேலி வெள்ளையடிப்பை ஏமாற்றிப் பிற பையன்கள் தலையில் கட்டி, அவர்களிடமே பண்டங்களும் வாங்கிக்கொள்கிறான். செத்துப்போனான் என்று ஊர் அழும்போது தன் சாவுச் சடங்குக்கே வந்து நிற்கிறான். கதை அவனைத் திருத்தப் பெரிதாக மெனக்கெடுவதில்லை. நாமும் அவன் குறும்பை ரசிக்கிறோம். பெண் பிள்ளையின் குறை மட்டும் நோயாகிவிடுகிறது. கடைசிப் பக்கத்துக்குள் அது குணமாக வேண்டும். மேரிக்கும் அதுதான் நடக்கிறது. காற்று பட்டு, கன்னம் சிவந்து, சதை போட்டு, அழகான நல்ல பெண்ணாகிறாள். நல்ல பெண்ணானதும் கதைக்கு அவள் தேவைப்படவில்லை. கடைசி அத்தியாயங்கள் கோலினுடையவை. நாவல் முடியும் வாக்கியத்தைப் பாருங்கள்: தந்தையின் பக்கத்தில் தலைநிமிர்ந்து நடந்து வருகிறவன் கோலின். தோட்டத்தைக் கண்டுபிடித்தவள் அங்கே இல்லை.

1945இல் ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதிய பிப்பியைக் கொடுங்கள். பொய் சொல்வாள், போலீஸ்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுவாள், எதற்கும் வருந்த மாட்டாள். திருந்தாத பெண்.

பழைய வாத்தியார்:
பிப்பி குதிரையையே ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள். பெட்டி நிறையத் தங்கக் காசு வைத்திருப்பவள். அவளுக்கு எதுவும் நேராது. பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டில் அடி வாங்குகிற ஒரு பெண் பிள்ளைக்குப் பிப்பியின் துணிச்சலிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

கரிசல்காரி:
எல்லோரும் மேரியின் சிடுசிடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அவள் அடித்த ஆயாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் பாட்டி ஒரு தோட்டத்துரை வீட்டில் பிள்ளை வளர்த்தவர். அதனால் என்னால் அந்த முதல் அத்தியாயத்தைக் கடந்துபோக முடியவில்லை.

ஆயாவின் பெயர் சைடி. அந்தப் பெயரை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் தெரியுமா? அவள் திரும்பி வந்ததும் என்னென்ன வசவு சொல்லலாம் என்று மேரி முணுமுணுக்கும் இடத்தில். பன்றி, பன்றிக்குப் பிறந்தவளே என்பது வசவு. முந்தைய இரவே காலரா கண்ட ஆயா அன்று காலையே இறந்துபோகிறாள். மேரி அழவில்லை. அடுத்து வருகிற ஆயாவுக்குப் புதுக் கதைகள் தெரியுமா என்று யோசிக்கிறாள், பழைய கதைகள் சலித்துவிட்டனவாம். யார்க்‌ஷயர் போன பிறகு, நீ கறுப்புப் பெண்ணாக இருப்பாய் என்று நினைத்தேன் என்று பணிப்பெண் மார்த்தா சொன்னதும் கொதித்துப்போகிறாள். இந்தியர்கள் மனிதர்களே இல்லை, சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள் என்கிறாள்.

இதையும் கொஞ்சம் குறையுள்ள பெண் என்று தட்டிக்கொடுக்கப் போகிறோமா? சண்டைக்காரியாக இருப்பதும் இன்னொரு மனிதரை மனிதராகவே எண்ணாததும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. முதலாவது சுபாவம், இரண்டாவது அதிகாரம் கற்றுக்கொடுத்த பாடம்.

நூலகப்பூனை:
கரிசல்காரி அக்கா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் புத்தகம் வேண்டும் என்கிறேன். மார்த்தாவிடம் மேரி கற்றுக்கொள்ளும் முதல் பாடத்தைக் கவனியுங்கள். கோபம் வந்தால் ஆயாவைக் கன்னத்தில் அறைவது அவள் வழக்கம். மார்த்தாவைப் பார்த்ததும், இவளை அறைந்தால் என்ன செய்வாள் என்று ஒரு கணம் யோசிக்கிறாள். திருப்பி அறையக்கூடியவள் என்று தோன்றுகிறது. எதிரில் நிற்பவருக்கும் ஒரு கை உண்டு என்று அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரியும் இடம் அது. பிறகு மார்த்தாவின் தாய், மகள் கொண்டுவந்த, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் போதாத கூலியிலிருந்து இரண்டு பென்னி எடுத்து மேரிக்குத் தாண்டு கயிறு வாங்கி அனுப்புகிறாள். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மேரி என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டுகிறாள். பத்து வயதுப் பிள்ளை மரியாதையைக் கற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று இதைவிட உண்மையாக எழுதிய பக்கத்தை நான் படித்ததில்லை.

இளவேனிலுக்கும் ஒரு பதில். மேரியின் கோபம் குணமாவதில்லை, பயன்படுகிறது. கோலின் நள்ளிரவில் கத்திக் கூப்பாடு போட, வீட்டில் அத்தனை பேரும் நடுங்கி நிற்கிறார்கள். மேரி அறைக்குள் பாய்ந்துபோய், நிறுத்து, உன்னை எல்லோரும் வெறுக்கிறார்கள், கத்தியே செத்துப்போ என்று அவனைவிட உரக்கக் கத்துகிறாள். கூன் விழுகிறது, முதுகில் முண்டு தட்டுப்படுகிறது என்று அவன் அலற, செவிலியை முதுகைத் திறந்துகாட்டச் சொல்லி, எலும்பு எலும்பாகப் பார்த்து, ஒரு முண்டும் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறாள். சாந்தமான பெண்ணால் அது முடிந்திருக்காது. அவனுக்கு இணையான முரட்டுப் பிள்ளையால்தான் முடிந்தது.

இளவேனில்:
அந்த இரவு உச்சம், ஒப்புக்கொள்கிறேன். அந்த மேரியைக் கடைசி அத்தியாயம் வரை விட்டிருக்கலாமே என்பதுதான் என் வழக்கு. 1868இல் லூயிசா மே ஆல்காட் ‘லிட்டில் விமன்’ எழுதினார். அதில் ஜோவின் கோபத்தால் தங்கை உடைந்த பனிக்குள் விழுந்து சாகக் கிடந்த பிறகு, தாய் மகளிடம் சொல்கிறாள்: நாற்பது ஆண்டுகளாக முயல்கிறேன், என் கோபத்தை அடக்கத்தான் முடிந்திருக்கிறது, ஏறக்குறைய தினமும் எனக்குக் கோபம் வருகிறது. பர்னெட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்த புத்தகம். குறையோடு ஒரு பெண் வயதாகலாம் என்று அன்றே ஒருவர் எழுதிவிட்டார்.

பழைய வாத்தியார்:
அந்தத் தாய் அடக்கினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டு முயற்சி இருக்கிறது அதில். நான் கேட்பதும் அந்த முயற்சியைத்தான். மேரியைப் படிக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் குறைதான் அழகு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கரிசல்காரி:
அதற்கு முன்பு, இருவரும் முதன்முதலாகச் சந்தித்த இரவையும் சொல்லியிருக்க வேண்டும், தம்பி. கோலினுக்குத் தூக்கம் வரவில்லை. இந்தியாவில் ஆயா எனக்குச் செய்ததைச் செய்கிறேன் என்று சொல்லி, மேரி அவன் கையைத் தட்டிக்கொடுத்தபடி ஹிந்துஸ்தானியில் மெல்லப் பாடுகிறாள். அவன் தூங்கிவிடுகிறான். செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் பெறாத சைடியின் பாட்டு அது. மேரிக்குத் தெரிந்த அன்பு என்று ஒன்று இருந்தால் அது அவளிடமிருந்து வந்தது. ஆனாலும் அப்போதும் மேரி அவளுக்காக வருந்துவதில்லை, ஆசிரியரும் வருந்தவைக்கவில்லை. மார்த்தாவுக்குக் கிடைத்த நன்றி சைடிக்குக் கிடைக்கவே இல்லை. இந்த இடத்தில் மேரியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, இனியும் வராது.

படிக்கக் கொடுங்கள். ஆனால் முழுப் பதிப்பைக் கொடுங்கள். சிறுவர்களுக்கென்று சுருக்கி, ஆயாவை அடிப்பதையும் அந்த வசவையும் வெட்டிவிட்ட பதிப்பாக இருந்தால் வாங்காதீர்கள். அதில் மேரி வெறும் முசுட்டுப் பிள்ளையாகத்தான் தெரிவாள். படித்து முடித்ததும் சைடி யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

நூலகப்பூனை:
முழுப் பதிப்பைத்தான் எடுக்கிறேன், அக்கா. முதல் அத்தியாயத்தைப் பிள்ளைகளிடம் விடாமல் நானே உரக்க வாசிக்கப்போகிறேன். மறுத்த பெற்றோரையும் அன்று வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் ஐயா, பன் கொடுக்கும் அத்தியாயத்தையும் பொம்மையைத் தள்ளும் அத்தியாயத்தையும் அதற்கடுத்த வாரம் சேர்த்து வாசிக்கிறோம். முடிந்தால் நீங்களும் வாருங்கள்.