கருப்பு நீள்கொம்பு வண்டு: கிளாப்ரிபென்னிஸா, சைனென்சிஸா?

வெண்புள்ளி: கொஞ்சம் அவசரம். பளபளப்பான கருப்பு நீள்கொம்பு வண்டு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள், கொம்பில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை. அனோப்ளோஃபோரா பேரினம் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். அதில் கிளாப்ரிபென்னிஸ் இனமா சைனென்சிஸ் இனமா என்பதில்தான் நிற்கிறது, படங்களில் இரண்டும் ஒன்று போலவே தெரிகின்றன.

தும்பி: நீளம் எவ்வளவு? எந்த மரம்? எந்த ஊர்? படமும் இல்லையே.

மரநேசன்: வண்டு வெளியேறிய துளை எங்கே இருக்கிறது? அடிமரத்திலோ வெளியே தெரியும் வேரிலோ என்றால் பெரும்பாலும் சைனென்சிஸ். தண்டின் மேற்பகுதி, கிளை என்றால் கிளாப்ரிபென்னிஸ்.

கணுக்காலி: வண்டு கையில் இருக்கும்போது மரத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? இதைப் பல முறை எழுதியாகிவிட்டது, பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்து கேட்கலாம். புள்ளிகளை விடுங்கள், அவை மென்மயிர்த் திட்டுகள், ஒரே இனத்திலேயே கூடும் குறையும், தேய்ந்தும் போகும். சிறகுறை, அதாவது முதுகை மூடும் கெட்டியான முன்சிறகு, தொடங்கும் தோள்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே பொடிப் பொடியாக முண்டுகள் இருந்தால் சைனென்சிஸ், வழவழப்பாக இருந்தால் கிளாப்ரிபென்னிஸ்.

தும்பி: அதற்கு முன்னால் மோனோகாமஸ் இல்லை என்று உறுதிதானா? அதுவும் இதே போலத் தெரியும் இன்னொரு நீள்கொம்பு வண்டுப் பேரினம். ஊசியிலை மரம் பக்கத்தில் இருந்தால் ஸ்கூட்டெல்லத்தையும் பாருங்கள், அதாவது சிறகுறைகள் சேரும் இடத்துக்கு முன்னால் உள்ள சின்ன முக்கோணம். மோனோகாமஸ் ஸ்கூட்டெல்லேட்டஸில் அது பளிச்சென்று வெள்ளை, கிளாப்ரிபென்னிஸில் கருப்பு.

ஈரிலை: கொம்பை அளந்தால் போதாதா? உடலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் கிளாப்ரிபென்னிஸ் என்றுதான் நான் பிரிப்பேன்.

கணுக்காலி: அது ஆண் பெண் வித்தியாசம். இரண்டு இனத்திலும் ஆணுக்குத்தான் கொம்பு நீளம். கிளாப்ரிபென்னிஸ் பெண்ணுக்கு உடலைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், உங்கள் கணக்கில் அது எந்த இனம்? அடிப்படையைத் தெரிந்துகொண்டு பதில் சொன்னால் கேட்பவருக்கும் குழப்பம் இருக்காது.

மரநேசன்: துளையை நீங்கள் இவ்வளவு லேசாகத் தள்ளுவது சரியில்லை கணுக்காலி. எல்லோருக்கும் வண்டு கிடைப்பதில்லை, அது பறந்துபோன பிறகு மிஞ்சுவது துளையும் மரத்தூளும்தான், மரத்தைக் காப்பாற்ற வேண்டியவர் அதை வைத்துத்தான் முடிவெடுத்தாக வேண்டும்.

கணுக்காலி: மரத்தைச் சோதிக்கத் துளை உதவும், சரி. இனத்தின் பெயரை எழுத அது சான்று ஆகாது. உள்ளே புழு இருந்தால் டிஎன்ஏ பாருங்கள்.

மரநேசன்: சாதாரணமாக மரம் வளர்ப்பவர் டிஎன்ஏவுக்கு எங்கே போவார்?

வெண்புள்ளி: பார்த்துவிட்டேன், இரண்டு தோளிலும் முண்டுகள் இருக்கின்றன. ஸ்கூட்டெல்லம் பளிச் வெள்ளை இல்லை. சைனென்சிஸ் என்று எழுதிவிடுகிறேன். நன்றி.

தும்பி: மகிழ்ச்சி. ஆனால் எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை. கிழக்கு ஆசியாவுக்கு வெளியே என்றால் உங்கள் தாவரப் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும், வண்டை வெளியே விட்டுவிடாதீர்கள். வெண்புள்ளி, இருக்கிறீர்களா?