கூடத்துக்கு அடர் நீலமா, சந்தன நிறமா? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

புது வீட்டுக் கூடத்துக்கு அம்மா கேட்டது சந்தன நிறம், தம்பி கேட்டது அடர் நீலம். கடை அட்டையில் நகமளவுக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. பெயிண்டர் அண்ணனிடம் சொல்லி இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த சுவரில் கதவகலத்துக்குப் பூசிப் பார்த்தோம். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) ஈரத்தில் வெளிறித் தெரியும். காய்ந்தால் ஒரு படி அடர்ந்துவிடும். இரண்டாவது பூச்சும் காய்ந்த பிறகுதான் அது உண்மையான நிறம்.

சந்தனச் சுவர் காலையில் வெளிர் மஞ்சளாக இருந்தது. சாயங்கால வெயில் முற்றத்துச் செம்மண்ணில் பட்டு வாசல் வழியே உள்ளே வந்ததும் அதே சுவர் இளஞ்சிவப்பாகிவிட்டது. நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள், அத்தனை மாற்றம்! நீலம் அசையவே இல்லை. ஆனால் இரவில் 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் எல்இடி போட்டதும் நீலம் மங்கிச் சாம்பலாகியது. 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் நீலம் துலங்கியது. சந்தனம் சோகை பிடித்ததுபோல் வெளுத்தது. ஆகவே விளக்கை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

இடமும் முக்கியம். ஜன்னல் இருக்கும் சுவரில் பூசிய நீலம், பக்கத்திலேயே கண்ணைக் கூசும் வெளிச்சம் இருப்பதால், கறுப்பாகவே தெரிந்தது. எதிர்ச்சுவரில் அதே நீலம் அத்தனை அழகு. எங்கள் தரையும் கறுப்பு கிரானைட் என்பதால், கூடம் இருண்டுவிடாமல் இருக்க அந்த எதிர்ச்சுவருக்கு மட்டும் நீலம், மற்ற மூன்றும் சந்தனம். அம்மாவுக்கும் தம்பிக்கும் திருப்தி.

பென்னாகரத்திலிருந்து:

அண்ணா, சுவரில் பூக்கும் உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கட்டியது. ஓர் அறைக்கு அடர் பச்சை அடித்தோம். மழைக்காலம் முடிந்ததும் தரையோரம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது. பக்கத்து அறையின் வெளிர் சுவரிலும் பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. சுவரில் ஈரம் ஏறும் வீட்டுக்கு அடர் நிறம் வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஊத்தங்கரையிலிருந்து:

பென்னாகரம் தம்பி சொல்வது சரி. இன்னொன்று: அடர் நிறத்தைக் கடையில் இயந்திரத்தில் கலந்துதான் தருகிறார்கள். பிறகு ஒரு கீறலுக்குப் பூச மறுபடி வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறி, ஒட்டு தனியாகத் தெரியும். எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் இன்றும் தெரிகிறது. அரை லிட்டராவது மிச்சம் வைத்து இறுக மூடி வையுங்கள். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலவை எண் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.